முதுகுக்கு ஒரு விலைப்புள்ளி

அத்தியாயம் 17

கிரேன் என்றதும் இரும்பு, சங்கிலி, கொக்கி என்று கற்பனை செய்துகொண்டு யாராவது இந்த வாரம்தான் கதைக்குள் நுழைகிறீர்கள் என்றால், மன்னிக்கவும். இவர் மனிதர். வயது ஐம்பத்து மூன்று. மெத்தைத் தொழிற்சாலையின் ஏற்றுதளத்தில் லாரிக்கு மெத்தை ஏற்றுகிறவர். இளமையில் தோளுக்கு ஒன்றாக இரண்டு மெத்தைகளைத் தூக்கிக்கொண்டு பலகை ஏறியதற்காக வைத்த பெயர் அது. வைத்தவர்கள் ஓய்வுபெற்றுப் போய்விட்டார்கள். பெயர் மட்டும் வேலையில் இருக்கிறது.

போன வாரம் அவர் ஒற்றை மெத்தையை எடுக்கக் குனிந்தார். பாதி நிமிர்ந்த நிலையில் முதுகு பிடித்துக்கொண்டது. அந்த மெத்தையைக் கட்டிப்பிடித்தபடி பன்னிரண்டு நிமிடம் அசையாமல் நின்றார். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் ஏதோ பாசம் என்று நினைத்துக்கொண்டார்கள். மெத்தையின் உறையில் 'உங்கள் முதுகின் உற்ற நண்பன்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது.

இன்று வியாழக்கிழமை. காலை ஆறே கால். கிரேன் சட்டையில்லாமல் சுவரைப் பார்த்து நிற்கிறார். அவருடைய மனைவி பின்னாலிருந்து இடுப்பு பெல்ட்டை இழுத்துக் கட்டுகிறார்.

"வயித்தை உள்ள இழுங்க."

"இழுத்தாச்சு."

"இது இழுத்த வயிறா?"

"இதுக்கு மேல இழுத்தா அந்தப் பக்கமா வெளிய வந்துடும்."

அந்த அம்மாள் மருந்துக்கடையில் கவுன்ட்டரில் நிற்கிறவர். பெல்ட், ஊழியர் தள்ளுபடியில் வந்தது. தினமும் அதை அவர்தான் கட்டிவிட வேண்டும். கட்டியதன் மேல் பனியன், அதன் மேல் சட்டை, அதன் மேல் கம்பெனி கோட்டு. உள்ளே பெல்ட் இருப்பது வெளியே தெரிந்தால் வேலை போகும். போகும் என்றால் ஒரேயடியாகப் போகாது. முதுகுவலி என்று வாயைத் திறந்த ஏற்றுதளத்து ஆளை மறுநாளே வேறு இடத்துக்கு மாற்றிவிடுவது அந்தத் தொழிற்சாலையின் கருணை. வேறு இடம் என்பது கேட்டில் ஒரு நாற்காலி. லாரி எண்ணை நோட்டில் எழுதும் வேலை. சம்பளத்தில் பளுப்படி மட்டும் இருக்காது. பளு தூக்குகிறவனுக்குத்தானே பளுப்படி?

மாதம் ஆயிரத்து எண்ணூறு. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு.

"கேட் நாற்காலி இன்னும் காலியாதான் இருக்காம்" என்றார் மனைவி, கடைசிக் கொக்கியை மாட்டிக்கொண்டே.

"இருக்கட்டும். நாற்காலிக்கு யாராவது கிடைப்பாங்க."

"முதுகுக்கு யாரும் கிடைக்க மாட்டாங்க. எங்க கடையில மாத்து முதுகு விக்கறதில்ல."

"அவ படிப்பு முடியட்டும். ரெண்டே வருஷம்."

"ஆரம்பிக்கவே இல்ல. அதுக்குள்ள முடியட்டுங்கறீங்க."

அவள் என்று குறிப்பிடப்பட்டவள் அடுத்த அறையில் தலை வாரிக்கொண்டிருந்தாள். ஒரே மகள். காது கேளாதவர்களுக்குக் கருவி பொருத்தும் இரண்டு வருடப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் சேர வேண்டும். அதுவரை சும்மா இருப்பானேன் என்று, அப்பாவின் தொழிற்சாலையிலேயே மூன்று வாரத் தற்காலிக வேலை. மாடியில், நலவாழ்வு ஆலோசகரிடம், தாளில் இருப்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை.

ஒரு வீட்டில் இரண்டு பேருமே ஏற்றுகிற வேலைதான். ஒருவருக்கு விரல் நோகும்.

*

நலவாழ்வு ஆலோசகர் வெளியிலிருந்து வரவழைக்கப்பட்டவர். தொழிலாளர்களின் உடல், மனம், மகிழ்ச்சி ஆகிய மூன்றையும் அளந்து அறிக்கை தர ஆறு வார ஒப்பந்தம். களைப்பு என்ற சொல்லை அவர் பயன்படுத்துவதில்லை. ஆற்றல் பற்றாக்குறை என்பார். மதியம் இரண்டு மணிக்கு அவருக்கே ஆற்றல் பற்றாக்குறை வரும். அப்போது கண்களை மூடிக்கொண்டு, தான் உள்நோக்கிப் பயணம் செய்வதாகச் சொல்லிவிட்டுக் குறட்டை விடுவார்.

தன்னிடம் வேலை செய்கிற பெண்ணின் அப்பா கீழே ஏற்றுதளத்தில் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. கேட்டிருந்தால் மகள் சொல்லியிருப்பாள். கேள்வித்தாளில் இல்லாத எதையும் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை.

திங்கட்கிழமை எல்லோருக்கும் அவர் ஒரு தாள் கொடுத்திருந்தார். மேலே 'ஒரு கற்பனைப் பரிமாற்றம்' என்று தலைப்பு. கீழே இப்படி:

'கண்களை மூடிக் கற்பனை செய்யுங்கள். உங்கள் எதிரே ஒரு வியாபாரி. அவர் இடது கையில் பணம். வலது கையில் வலியில்லாத உடம்பு. ஒன்றைக் கொடுத்தால்தான் மற்றதை எடுக்கலாம். கேள்வி ஒன்று: தற்போது உங்களுக்கு முதுகுவலி உண்டா? கேள்வி இரண்டு: வாழ்நாள் முழுவதும் முதுகுவலியோடு இருக்க நீங்கள் சம்மதிப்பதென்றால், மாதம் எவ்வளவு தொகை கேட்பீர்கள்? கேள்வி மூன்று: உங்கள் மகிழ்ச்சி, பத்துக்கு எத்தனை?'

பெயர் எழுத வேண்டாம். தாளின் மூலையில் ஒரு எண் மட்டும்.

தையல் பிரிவு, பஞ்சு வெட்டும் பிரிவு எல்லாம் முடிந்து, பத்தரை மணிக்கு ஏற்றுதளத்தின் பதினான்கு தாள்களை மகள் கையில் எடுத்தாள்.

முதல் தாள். முதுகுவலி: இல்லை. தொகை: ஐந்நூறு. மகிழ்ச்சி: பத்து.

இரண்டாவது. இல்லை. நானூற்றைம்பது. பத்து.

மூன்றாவது. இல்லை. நானூறு. பத்து.

அவளுக்குக் கொஞ்சம் வியப்பாக இருந்தது. நாள் முழுக்க தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண்களே இரண்டாயிரம், மூவாயிரம் என்று கேட்டிருந்தார்கள். மெத்தை தூக்குகிறவர்கள் போட்டி போட்டுக்கொண்டு இறங்குகிறார்கள். ஒன்பதாவது தாளில் மகிழ்ச்சி பத்துக்குப் பதினொன்று.

பதினோராவது தாளுக்கு வந்தாள். முதுகுவலி: இல்லவே இல்லை. மகிழ்ச்சி: ஒன்பது. தொகை: முன்னூறு மட்டும்.

அந்த 'மட்டும்' என்பதைப் பார்த்ததும் விரல் நின்றுவிட்டது. பால்காரருக்கு எழுதும் துண்டுச்சீட்டில்கூட எண்ணுக்குப் பின்னால் 'மட்டும்' போடாமல் விடாத ஒரே மனிதரை அவளுக்குத் தெரியும். 'ட்' மேல் புள்ளி வைக்காமல் சின்ன வட்டம் போடுகிறவர். காலையில் சுவரைப் பார்த்து நின்றவர்.

மிச்சம் மூன்று தாளையும் ஏற்றி முடித்தாள். பதினான்கு பேரில் அதுதான் மிகக் குறைந்த தொகை.

"ஏற்றுதளம் ஏத்தியாச்சாம்மா?" என்று ஆலோசகர் பின்னால் வந்து நின்றார். திரையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அற்புதம்! சராசரி எவ்வளவு?"

"நானூத்திப் பத்து சார்."

"கம்பெனி கொடுக்கற பளுப்படி?"

"ஆயிரத்து எண்ணூறு."

"இதுல என்ன தெரியுது?"

"தெரியல சார்."

"பணத்தைத் தாண்டி மகிழ்ச்சியைக் கண்டுபிடிச்சிருக்காங்கம்மா இந்த மனுஷங்க. மகிழ்ச்சி சராசரி பத்துக்குப் பத்து. என் அனுபவத்துல இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்ல. வலிக்கு இவங்க போடற மதிப்பு நானூத்திச் சொச்சம். கம்பெனி அதுல நாலு மடங்குக்கு மேல கொடுத்து, இவங்க மனநிறைவைக் கலைச்சுட்டிருக்கு." குரல் தழுதழுத்தது. "நாலு மணிக்கு மேலாளர் வர்றார். பளுப்படியை நானூத்திப் பத்தா குறைக்கலாம்னு என் முதல் பரிந்துரை."

மகள் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். முன்னூறுக்குப் பக்கத்தில் ஒரு பூஜ்ஜியம் போட ஒரு நொடி போதும். விரல் அதன் மேல் போய் நின்றது. பிறகு திரும்பி வந்தது.

*

ஏற்றுதளத்தில் மதிய இடைவேளை. ஓரம் கிழிந்து திரும்பி வந்த மெத்தைகளின் மேல் சாய்ந்துகொண்டு பதின்மூன்று பேர் சாப்பாட்டுப் பையைத் திறந்திருந்தார்கள். கிரேன் மட்டும் தூணில் சாய்ந்து நின்றபடி சாப்பிட்டார்.

மகள் அங்கே வருவது வழக்கமில்லை. எல்லோரும் மரியாதைக்குக் காலை மடக்கிக்கொண்டார்கள்.

"அப்பா, திங்கட்கிழமை கொடுத்த தாள்ல என்ன எழுதினீங்க?"

"எந்தத் தாள்?"

"முன்னூறு மட்டும்."

கிரேன் சட்டென்று அக்கம்பக்கம் பார்த்தார். "சத்தம் போடாதே! ரேட்டு வெளிய தெரியக்கூடாது."

"என்ன ரேட்டு?"

பதில் பக்கத்திலிருந்து வந்தது. "டின் போட்டிருக்கோம்மா" என்றார் டேப். எந்த மெத்தையையும் கையாலேயே அளந்து அங்குலம் பிசகாமல் சொல்கிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். கிரேனின் இருபது வருடக் கூட்டாளி.

டின் என்பது அந்தத் தளத்தின் சனிக்கிழமை வழக்கம். சனிக்கிழமை கூடுதல் லாரி வந்தால் எல்லோருக்கும் வேலை இருக்காது. மேற்பார்வையாளர் ஒரு காலி பிஸ்கட் டின்னை நீட்டுவார். கூடுதல் நேரத்துக்கு எவ்வளவு கேட்கிறோம் என்று ஆளாளுக்கு ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் போட வேண்டும். பெயர் கிடையாது, எண் மட்டும். குறைவாகக் கேட்ட நாலு பேருக்கு வேலை. மற்றவர்கள் வீட்டுக்கு. இருபது வருடமாக இவர்கள் கையில் வந்த தாளில் தொகை எழுதும் இடம் என்று ஒன்று இருந்தால், அது டின்தான். ஆகவே 'எவ்வளவு தொகை கேட்பீர்கள்' என்று ஆலோசகர் அச்சடித்துக் கொடுத்ததும் பதினான்கு பேரும் ஒரே நொடியில் புரிந்துகொண்டார்கள். கண்களை மூடச் சொன்ன வரியை ஒருவரும் படிக்கவில்லை. டின்னில் போடும்போது கண்ணை மூடுகிறவன் உருப்படுவானா?

"தளத்துக்குப் பத்துப் பேர் போதுமாம்மா. நாலு பேரைக் குறைக்கறாங்களாம்" என்றார் டேப். "குறைச்சு கேட்டவங்க நிப்பாங்க."

"யார் சொன்னது?"

"எல்லாரும் சொன்னாங்க."

"முதல்ல யார் சொன்னது?"

டேப் தன் டீயை உற்றுப் பார்த்தார். அதில் அளப்பதற்கு ஒன்றும் இல்லை.

"மாமா, மகிழ்ச்சி பத்துக்குப் பதினொண்ணு போட்டது நீங்கதானே?"

"எல்லாரும் பத்து போடுவாங்கன்னு தெரியும்மா. ஒண்ணாவது கூட இருக்கட்டும்னுதான்."

மகள் சொன்னாள். அது டின் இல்லை, யாரையும் குறைக்கப் போவதில்லை, குறைக்கப்போவது பளுப்படியை, நாலு மணிக்கு. நானூற்றுப் பத்து என்று சொன்னபோது யாரோ ஒருவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"அப்ப அந்தக் கேள்வி எதுக்கு?" என்றார் கிரேன்.

"சும்மா. கற்பனைக்கு."

"கற்பனைக்கா?" அவருக்குக் கோபம்கூட வரவில்லை. "கற்பனைக்குன்னு தெரிஞ்சிருந்தா ஒரு லட்சம் போட்டிருப்பேனே."

"மேல போய் சொல்லலாம்ப்பா. தப்பா எழுதிட்டோம், எங்களுக்கு வலிக்குதுன்னு."

பதினான்கு பேருக்கும் முதுகு வலிக்கிறது என்பது பதினான்கு பேருக்கும் தெரியும். பிடித்துக்கொண்டு நின்றவரை அன்று தூக்கி நிமிர்த்தியவர்கள் இவர்கள்தான். இரண்டு பேர் தைலம் வைத்திருந்தார்கள், தற்செயலாக. ஆனால் வலிக்கிறது என்று முதலில் சொல்கிறவன் நாளையிலிருந்து கேட்டில் உட்காருவான். அவன் பளுப்படி போகும். மிச்சம் பதின்மூன்று பேருடையது தப்பும்.

"நீ போயேன் மாப்ளே" என்றார் டேப், யாரையும் பார்க்காமல், பொதுவாக.

"எனக்கெங்க வலிக்குது?" என்றது ஒரு குரல்.

"எனக்கு மட்டும் வலிக்குதா?"

"அண்ணன்தான் போன வாரம்..." என்று ஒருவர் ஆரம்பித்துவிட்டுப் பாதியில் விட்டார்.

லாரி பின்னால் வரும் சத்தம் கேட்டது. கிரேன் சாப்பாட்டுப் பையை மூடினார். "வண்டி வந்துடுச்சு" என்றார். மகளைப் பார்த்து, "மேல போ. வேலையைப் பாரு" என்றார்.

அவர் கையுறை மாட்டிக்கொண்டு போவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். எப்போதும் பார்க்கிற நடைதான். இடது காலை ஒரு மாத்திரை தாமதமாக எடுத்து வைக்கிறார் என்பது இன்றுதான் கண்ணில் பட்டது.

*

மாடிப்படியின் திருப்பத்தில் நின்று அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"அம்மா, அப்பா..."

"விழுந்துட்டாரா?"

"இல்ல."

"அப்ப ஒரு நிமிஷம் இரு, ஒருத்தருக்குச் சில்லறை கொடுத்துட்டு வந்துடறேன்."

வந்தார். மகள் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பக்கம் மருந்துப் பெட்டிகளை அடுக்கும் சத்தம்.

"எவ்வளவு எழுதினாராம்?"

"முன்னூறு."

"அதுக்கு மேல ஆகுதே மாத்திரைக்கே."

"என்ன மாத்திரை?"

"வலி மாத்திரை. எங்க கடையில வாங்கினா எனக்குத் தெரிஞ்சுடும்னு எதிர்க்கடையில வாங்கறாரு, உங்கப்பா. ஆறு மாசமா. அந்தக் கடைக்காரம்மா போன வாரம் எங்கிட்டயே வந்து கேக்கறாங்க, 'ஏங்க, உங்க வீட்டுக்காரருக்கு நீங்க தள்ளுபடி தர்றதில்லையா'ன்னு."

"நீ ஏம்மா அவர்கிட்ட கேக்கல?"

"கேட்டா மூணாவது கடைக்குப் போவாரு. அது இன்னும் தூரம். நடக்கணும்."

மகள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "ஒரு பூஜ்ஜியம் சேத்துடட்டுமா? பதினாலு பேருக்கும் சேத்துடறேன். யாருக்கும் தெரியாது."

"வேணாம்."

"ஏம்மா?"

"அப்புறம் அதை நீ தூக்கிட்டே இருக்கணும். ஒரு வீட்டுக்குத் தூக்கறவர் ஒருத்தர் போதும்."

"அப்ப என்னதான் பண்றது?"

"நீ சொல்லிட்டே. இனிமே அவர் சொல்லணும். சொல்லலைன்னா சாயங்காலம் பெல்ட்டை அவுத்துவிடறேன், நாளைக்குக் காலையில கட்டறேன். இத்தனை நாள் அதானே பண்றேன்."

"என் படிப்புக்காகத்தாம்மா அவர் இப்படி..."

"அந்தப் படிப்பு விஷயமா நான் ஒரு காரியம் பண்ணி வச்சிருக்கேன்" என்றார் அம்மா, குரலைத் தாழ்த்தி. "உங்கப்பாகிட்ட மூச்சு விடாதே. இன்னைக்கு வீட்டுக்கு வா, சொல்றேன்."

"என்ன காரியம்?"

"இருமல் மருந்தா? பெரியவங்களுக்கா, குழந்தைக்கா?" என்று அம்மா யாரிடமோ கேட்டார். போன் அணைந்தது.

*

மூன்றே முக்கால். ஆலோசகர் கண்ணாடி முன் நின்று, 'மனநிறைவு' என்று சொல்லும்போது எந்தக் கையை நெஞ்சில் வைப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். கதவைத் தட்டும் சத்தம்.

கிரேன் நின்றிருந்தார். கையுறைகளைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். மாடிப்படி இருபத்தாறு. முகத்தில் வியர்வை.

"யார் நீங்க?"

"ஏத்துதளம் சார். தாள் திருப்பி வேணும்."

"எந்தத் தாள்?"

"திங்கட்கிழமை எழுதினது. திருத்தணும்."

ஆலோசகர் புன்னகைத்தார். "ஐயா, அது ரகசியத் தாள். எது யாருடையதுன்னு எனக்கே தெரியாது. அதுதான் அதோட புனிதம்."

"பதினொண்ணாம் நம்பர் என்னோடது. முன்னூறு மட்டும்."

புன்னகை அப்படியே இருந்தது; ஆலோசகர்தான் அதற்குள் இல்லை. "திருத்தணும்னு இவருக்கு யார் சொன்னாங்க?" என்று மகளைப் பார்த்தார்.

"நான்தான் சார் சொன்னேன். இவர் எங்கப்பா."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கல சார்."

நாலு மணிக்கு மேலாளர் வரப்போகிறார். வாசலில் ஒரு தொழிலாளி வியர்வையோடு நிற்பது நலவாழ்வுக்கு அழகில்லை. "உட்காருங்க, உட்காருங்க" என்றார் ஆலோசகர், விருந்தோம்பலாக. காட்டிய இடம் ஒரு சோபா. கம்பெனியின் உயர்ரகப் பஞ்சு. தரையிலிருந்து ஒரு சாண் உயரம். உட்காருகிறவர் மேகத்தில் இருப்பதுபோல் உணர வேண்டும் என்று அவரே சொல்லிச் செய்ய வைத்தது.

முழங்காலுக்குக் கீழான எதிலும் கிரேன் உட்கார்ந்து ஆறு வருடம் ஆகிறது. மகளுக்கு முன்னால் வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. உட்கார்ந்தார். மேகம் அவரை உள்ளே வாங்கிக்கொண்டது.

"பாருங்க ஐயா" என்றார் ஆலோசகர். "மனசுல முதல்ல தோணறதுதான் உண்மை. பின்னாடி திருத்தறதெல்லாம் அறிவோட குறுக்கீடு. அறிவியல் அதை ஏத்துக்காது."

"சார், என்ன விலைக்கு முதுகைத் தருவேன்னு நீங்க கேட்டீங்க. என்ன விலை சொன்னா என்னை வெளிய அனுப்ப மாட்டாங்கன்னு நான் எழுதினேன். ரெண்டும் வேற வேற."

"ஆனா முதல் கேள்வி? வலி இல்லவே இல்லைன்னு எழுதியிருக்கீங்க. 'இல்லவே'ன்னு அழுத்தமா."

கிரேன் மகளைப் பார்த்தார். அவள் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வேண்டுமென்றே தன்னைப் பார்க்காமல் இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"உண்டு" என்றார். "ஆறு வருஷமா."

மகளின் கை வாய்க்குப் போயிற்று. ஆறு மாதம் என்றுதான் அம்மா சொன்னார். அம்மாவுக்கே அவ்வளவுதான் தெரிந்திருக்கிறது.

"எனக்கு மட்டுமில்ல சார், கீழ..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "கீழ இருக்கறவங்களை அவங்களையே கேட்டுக்குங்க. நான் என்னோடதைச் சொல்றேன்."

ஆலோசகர் கடிகாரத்தைப் பார்த்தார். இந்த ஒரு தாள் போனால் சராசரி ஆடும். சராசரி ஆடினால் பரிந்துரை ஆடும். நெஞ்சில் வைக்க வேண்டிய கையே வீணாகிவிடும். "சரி, மகிழ்ச்சி ஒன்பதுன்னு போட்டிருக்கீங்களே? அதுவாவது உண்மைதானே?"

"பத்து போட்டா நம்ப மாட்டீங்கன்னு ஒண்ணு குறைச்சேன்."

"அப்ப நிஜமா எவ்வளவு?"

கிரேன் யோசித்தார். அந்த அறையில் ஆறு வாரத்தில் ஒருவர் அந்தக் கேள்விக்கு யோசித்தது அதுதான் முதல் தடவை.

"காலையில பெல்ட் கட்டறப்ப ஒரு மூணு இருக்கும். கடைசி லாரி கிளம்பினதும் டீ குடிப்போம், அப்ப ஏழு. ராத்திரி இவ சாப்பிட்டுட்டே ஏதாவது சொல்லிச் சிரிப்பா. அதுக்கு எவ்வளவு போடறதுன்னு தெரியல. நீங்க எத்தனை மணிக்குக் கேக்கறீங்க சார்?"

தாளில் மணிக்கு இடமில்லை. ஆலோசகர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மிக்க நன்றி. உங்க கருத்தைப் பதிவு பண்ணிக்கறேன். இப்ப நீங்க போகலாம்."

கிரேன் சோபாவின் விளிம்பில் கையை ஊன்றினார். விளிம்பு அமுங்கிற்று. இன்னொரு கையையும் ஊன்றினார். உடம்பு ஒரு அங்குலம் எழும்பி, மறுபடி உள்ளே போயிற்று. நெற்றி நரம்பு புடைத்தது. மகள் எழுந்து இரண்டடி வைத்தாள். அவர் கண்ணாலேயே அவளை நிறுத்தினார். அவள் நின்றாள்.

கதவு திறந்தது. மேலாளர். கையில் காப்பிக் கோப்பை. உள்ளே இரண்டடி வந்தவர், சோபாவைப் பார்த்து நின்றார். இந்த மனிதரை இருபது வருடமாக அவர் பார்த்திருக்கிறார். உட்கார்ந்து பார்த்ததில்லை.

"என்ன கிரேன்? இங்க என்ன பண்றீங்க?"

"இவர் கிளம்பிட்டார் சார்" என்றார் ஆலோசகர் அவசரமாக. "கிளம்புங்க ஐயா."

எழுந்திருக்க முடிந்தால் இந்நேரம் எழுந்திருப்பார். அது கிரேனுக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும். ஊன்றிய கைகளை அவர் மெதுவாக எடுத்தார். கையுறைகளை மடியில் வைத்தார். முதுகை, வேலை நேரத்தில் முதல் தடவையாக, சாய்த்தார்.

"கிளம்பல சார். ஒரு விலை சொல்ல வந்தேன். முன்னாடி சொன்னது தப்பாயிடுச்சு" என்றார். "சொல்லி முடிக்கக் கொஞ்சம் நேரமாகும். நீங்களும் உக்காருங்க."

அறையில் இருந்த நாற்காலிகள் இரண்டு. ஒன்றில் ஆலோசகரின் கோட்டும் கோப்புகளும். மற்றொன்று மகளுடையது, அவள் அதைக் கொடுக்கவில்லை. மேலாளர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் பார்த்தார். பிறகு, வேறு வழியில்லாமல், கிரேனின் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தார்.

அவரும் உள்ளே போனார்.